தண்ணீரை ஒழித்த கழகம்

யாங்கோன் நகரத்துப் பபேடானில் உம்மு சல்மாவின் அழகு நிலையம் இருந்த கட்டடத்தில் தண்ணீர் மோட்டார் கெட்டுப்போனது. கட்டட நிர்வாகம் கூடியது, பேசியது, லபெட் என்ற ஊறவைத்த தேயிலையைத் தின்றது, கலைந்தது, மறுபடியும் கூடியது. கடைசியில், மோட்டாரில் குறையொன்றும் இல்லை, தண்ணீர்தான் காலாவதியாகிவிட்டது என்று முடிவு செய்தது.

முடிவைப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டினார்கள். கொரியாவில் இப்போது தண்ணீர் கலக்காத அழகுப் பொருள்களுக்குத்தான் மதிப்பு. முகம் கழுவுவது பொடியால், பூசுவது குச்சியால், மினுக்குவது மாத்திரையால். உலகமே உலர்ந்துகொண்டு வரும்போது நம் கட்டடம் மட்டும் ஈரமாக இருப்பது அழகல்ல. ஆகவே திஞ்ஞான் பண்டிகைக்குப் பிறகு, பக்கத்து வட்டாரமான கியாக்டடாவில் உள்ள உலர் அழகியல் உயர்கல்விக் கழகத்தின் பட்டயம் பெற்றவர்கள் மட்டுமே இங்கே அழகு நிலையம் நடத்தலாம். மற்றவர்கள் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போகலாம்.

உம்மு சல்மாவிடம் இருந்தவை இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவளும் மற்றதில் உதவியாளர் ராணியும் வேலை செய்தார்கள். பபேடானில் நிக்காஹ் என்றாலும் கல்யாணம் என்றாலும் பெண்ணை அந்தப் படிக்கட்டில் ஏற்றித்தான் மேடைக்கு அனுப்புவார்கள். அந்த இடம் போனால் நாற்காலி வெறும் நாற்காலிதான்.

அவள் கணவர் பர்கத்துல்லா அடுத்த தெருவில் குடைக்கடை வைத்திருந்தார். செய்தியைக் கேட்டுக் குடையொன்றை விரித்துப் பார்த்து மடக்கினார்.

“தண்ணியே வேணாங்கிறவனா? அவன்கிட்ட நம்ம யாவாரம் எடுபடாது புள்ள.”

“கிண்டல் பண்ணாதீங்க மச்சான். இடம் போயிடும்.”

“தொழுவுறதுக்கு முன்ன கழுவத் தண்ணி கிடைக்காத எடத்துல மண்ணத் தொட்டு தயம்மும் செஞ்சுக்கன்னு மார்க்கம் சலுகை குடுத்துச்சு. இவனுவ கொழாயப் பூட்டிட்டு சலுகைய விக்கிறானுவ. போ, போய்ப் படிச்சுட்டு வா.”

கழகம் எட்டாம் மாடியில் இருந்தது. மின்சாரம் இல்லாததால் லிஃப்ட் இல்லை. பங்குனி வெயிலில் ஏறி வந்த பெண்களைக் கதவருகே வெள்ளைக் கோட்டுப் பெண் ஒருத்தி நிறுத்தி, நெற்றியில் ஒற்றுத்தாள் வைத்து எடுத்துப் பார்த்தாள். ராணியின் தாள் நனைந்திருந்தது.

“நீங்க வேர்த்திருக்கீங்க,” என்றாள் வெள்ளைக் கோட்டு.

“எட்டு மாடி ஏறுனா வேர்க்காதா?”

“வேர்வை என்பது உடம்பு தானாகச் சேர்த்துக்கொள்ளும் நிரப்பி. உலர்ந்த பிறகு வாங்க.”

ராணி படிக்கட்டில் உட்கார்ந்து உலர்ந்தாள். உலர்ந்ததும் எழுந்தாள். எழுந்ததில் வேர்த்தது. மறுபடி உட்கார்ந்தாள்.

நிரப்பி என்ற சொல்லை இங்கே விளக்கிவிடவேண்டும். கழகத்துக்குள் தண்ணீரைத் தண்ணீர் என்று சொல்லக் கூடாது. அது புட்டியை நிரப்புவதற்காகப் பழங்காலத்து மூடர்கள் ஊற்றிய பொருள், எனவே நிரப்பி. மறந்து பழைய பெயரைச் சொன்னவர்கள் சுவரைப் பார்த்து நின்று, கன்னத்தைத் தொட்டு, “நான் உலர்வேன்” என்று கொரிய மொழியில் சொல்லவேண்டும். அந்த வாக்கியத்துக்குக் கொரிய மொழியில் உண்மையில் என்ன பொருள் என்று விசாரிக்க யாருக்கும் துணிவில்லை.

கழகத்தின் இயக்குநர் முரளிதரன். அவரை முரளி என்றோ, ஊர் வழக்கப்படி உ முரளி என்றோ கூப்பிட முடியாது. டைரக்டர் நிம் என்று கொரிய மரியாதை சேர்த்துக் கூப்பிடவேண்டும். கொரியாவில் பல ஆண்டுகள் தோல் துறையில் அனுபவம் பெற்றவர் என்று வாசலில் எழுதியிருந்தது. கப்பலில்லாத கப்பல்காரத் தெருவில் அவரோடு கூடவே வளர்ந்த பர்கத்துல்லாவுக்கு மட்டும் அந்த அனுபவத்தின் விவரம் தெரியும். கணவாய் மீன் பதப்படுத்தும் ஆலையில் முரளி தோலுரித்தார், காலையிலிருந்து சாயங்காலம்வரை முழங்கால் அளவு தண்ணீரில் நின்று. தண்ணீர்மேல் அவருக்கு வெறுப்பு வந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை.

சொந்தக் கதைகளைத் தமிழில் சொல்வார். கோபம் வந்தால் பர்மிய மொழி. சொல்ல ஒன்றும் இல்லாதபோது கொரிய மொழி.

“சகோதரிகளே!” என்று அவர் முதல் வகுப்பில் ஆரம்பித்தார். “இதுவரை நீங்கள் வாங்கிய க்ரீமில் முக்கால்வாசி என்ன? நிரப்பி! குழாயில் வருவதற்கா நீங்கள் காசு கொடுப்பது? இந்த அநியாயத்தை எங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முக்கால்வாசியை எடுத்துவிட்டோம். கால்வாசியை உங்களுக்கே தருகிறோம். எடை குறைந்தது, புட்டி குறைந்தது, லாரி குறைந்தது, குப்பை குறைந்தது. குறையக் கூடாதது ஒன்றுதான். விலை. அதைக் குறைத்தால் மக்களுக்குப் பொருள்மேல் மதிப்புக் குறைந்துவிடும்.”

கைதட்டினார்கள். உம்மு சல்மா கையைத் தூக்கினாள்.

“சயா,” என்றாள், வாத்தியாரை எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி. “இந்தப் பொடிய மொகத்துல எப்படிப் போடுறது? தடவுனா உதிருது. தேச்சா எரியுது.”

“நல்ல கேள்வி. வாடிக்கையாளர் உள்ளங்கையில் பொடியை வைத்து, வீட்டில் இருக்கும் நிரப்பியைச் சில சொட்டுகள் சேர்த்துக்கொள்வார்.”

“அப்ப தண்ணி வேணுமா?”

வகுப்பு மூச்சை அடக்கியது. இயக்குநர் கண்ணை மூடித் திறந்து, பெண்களுக்கு ஊர் வழக்கப்படி சேர்க்கும் ‘மா’வோடு அவளைக் கூப்பிட்டார்.

“மா சல்மா. எங்கள் பொருளில் நிரப்பி இல்லை. வாடிக்கையாளரின் கையில் இருந்தால் அது வாடிக்கையாளரின் குற்றம். அதற்குக் கழகம் பொறுப்பாகாது. சுவரைப் பார்த்து நில்லுங்கள்.”

அவள் நின்றாள். அவளுடைய நாற்காலிகள் இரண்டும் அந்தச் சுவரில் தெரிந்தன.

வகுப்புகள் நடந்தன. இடைவேளையில் தேநீர் கிடையாது. லபெட் மட்டும் ஒரு கரண்டி தருவார்கள். “பார்த்தீர்களா, தேயிலையைக் குடிக்காமல் தின்ன உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது நம் நாடு. நாம் பிறவியிலேயே உலர்ந்தவர்கள்,” என்பார் இயக்குநர். லபெட்டின் எண்ணெய் அவர் முழங்கை வழியாக ஒழுகும்.

கழிப்பறையைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் எண்ணம். முடியவில்லை. அங்கே குழாயைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டி அரக்கு வைத்திருந்தார்கள். வாளி இருந்த இடத்தில் ஒரு கிண்ணம் வாசனைப் பொடி. மேலே அறிவிப்பு: ‘உலர்வு ஓர் ஒழுக்கம்.’ அந்த ஒழுக்கத்தின் நாற்றம் மதியத்துக்குள் வகுப்பறைக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிடும். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், இடைவேளையில் எட்டு மாடி இறங்கி எதிர்ச்சாரி டீக்கடைக்குப் போய் வந்தார்கள். வந்ததும் ஒற்றுத்தாள். வேர்வை. படிக்கட்டு.

அவர்கள் முகங்களோ வேறு கதை. தவிட்டுப் பொடியும் வேர்வையும் சேர்ந்து பசையாகி, காய்ந்து, வெடித்து, மோவாயின் ஓரத்தில் உதிரும். பழைய சோற்றுப் பானையைக் கழுவாமல் மூடிவைத்த மாதிரி ஒரு வாடை. ராணியின் கன்னத்தில் சிவப்புத் தடிப்பு கிளம்பியது.

“டைரக்டர் நிம், அரிக்குது.”

“பழைய தோல் போகும்போது வழியனுப்பு விழா நடத்துகிறது. சொரியாதீர்கள், மரியாதை இல்லை.”

வீட்டில் பர்கத்துல்லா, மனைவியின் பையிலிருந்த மினுக்கு மாத்திரையை வாய்வு மாத்திரை என்று நினைத்து விழுங்கிவிட்டார்.

“யா அல்லா! அது மொகத்துக்கு மச்சான்!”

“உள்ளயும் ஒரு மொகம் இருக்கட்டும்,” என்று ஏப்பம் விட்டார். ஏப்பத்தில் ரோஜா மணந்தது. “வேணாம் புள்ள, விட்டுரு. என் கடையில பாதி எடத்தத் தர்றேன்.”

“உங்க கடைக்குப் பொண்ணுக்காரங்க வருவாங்களா? பொண்ணு குடைக்குள்ளயா உக்காரும்?”

செய்முறைத் தேர்வுக்குத் தனாக்கா வைத்தார்கள். தனாக்கா மரக்கட்டையைக் கல்லில் தண்ணீர் விட்டு அரைத்துக் கன்னத்தில் பூசாத முகம் யாங்கோனில் இல்லை. குழந்தைக்குக்கூடத் தெரிந்த அந்த வேலையைத் தண்ணீர் விடாமல் செய்துகாட்டவேண்டும் என்பது தேர்வு.

பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உலர்ந்த கட்டையை உலர்ந்த கல்லில் தேய்த்தார்கள். பல் கூசும் சத்தம் வந்தது, வேறெதுவும் வரவில்லை. இயக்குநர் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்து, “அருமை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்மையாக வந்திருக்கிறது,” என்று எல்லோருக்கும் மதிப்பெண் போட்டார். பிறகு அந்தத் தெரியாத தனாக்காவை விரலால் தொட்டு எதிரில் இருப்பவர் கன்னத்தில் பூசவேண்டும். உம்மு சல்மா ராணியின் கன்னத்தில் ஒன்றுமில்லாததைப் பூசினாள்.

“வட்டமா பூசவாக்கா, சதுரமா பூசவா?” என்று கிசுகிசுத்தாள் ராணி.

“வாய மூடுடி. உதிருது.”

திஞ்ஞானுக்கு முதல்நாள் பட்டமளிப்பு. அதற்கு அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது இயக்குநரின் கொள்கைப் பிடிப்பு. கீழே தெருவில் பிள்ளைகள் இப்போதே குழாயும் வாளியுமாக இறங்கி, போகிற வருகிறவர்களை நனைத்துக்கொண்டிருந்தார்கள். ஊரே ஒருவரை ஒருவர் நனைத்துப் பழைய ஆண்டைக் கழுவிவிடும் பண்டிகை. கழகம் ஜன்னல்களை மூடித் திரை போட்டுவிட்டது. மின்சாரம் இல்லை. விளக்குகளின், காற்றாடிகளின் சுவிட்சுகள் போட்டபடியே கிடந்தன. மெழுகுவத்தி வெளிச்சத்தில், வேர்வையைத் துடைக்க அனுமதி இல்லாமல், பட்டதாரிகள் வேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடையில் பெரிய தட்டு. அதில் கோபுரமாகப் பப்பாளிச் சத்துப் பொடி. அழுக்கை அரித்துத் தின்னும் என்று சொல்லப்பட்ட, கழகத்தின் தலைசிறந்த பொடி. கைப்பேசி வழியாக நிகழ்ச்சியைச் சியோலில் இருக்கும் கொரியத் தலைமையகம் பார்த்துக்கொண்டிருந்தது. ராணிதான் மாதிரி முகம். கன்னத்துத் தடிப்பை மறைக்க அவளுக்கு இரண்டு பூச்சு அதிகமாகப் போட்டிருந்தார்கள்.

பட்டயங்கள் மேசையில் இருந்தன. உம்மு சல்மாவின் பெயர் மேலே தெரிந்தது. இன்னும் ஒரு பேச்சு முடிந்தால் நாற்காலிகள் பிழைத்துக்கொள்ளும்.

“சகோதரிகளே, தலைமையகத்தாரே!” இயக்குநர் தட்டைக் கையில் ஏந்தினார். “சிலர் கேட்கிறார்கள், மனித உடம்பே முக்கால்வாசி நிரப்பிதானே என்று. அதற்கும் ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. நாளை வரப்போகும் மனிதன் இலேசானவன். அவனை ஓர் உறையில் போட்டுத் தபாலில் அனுப்பலாம். அதுவரை நாம்...”

அப்போது தெருவிலிருந்தும், எதிர்க் கட்டடத்திலிருந்தும், மாடி மாடியாக அந்தக் கூச்சல் எழுந்தது.

“மீ லாபீ!”

மின்சாரம் வந்துவிட்டது என்று யாங்கோன் முழுக்கச் சேர்ந்து போடும் கூச்சல். அது எட்டாம் மாடியை எட்டும் முன்பே மின்சாரம் எட்டிவிட்டது. மேடைக்குப் பின்னால் இருந்த பெரிய காற்றாடி, நாள்பூரா அடக்கிவைத்த மூச்சை ஒரே மூச்சாக விட்டது. பப்பாளிக் கோபுரம் எழுந்து நின்று, யோசித்து, இயக்குநரின் முகத்திலும் ராணியின் முகத்திலும் இறங்கியது.

“யக்கா! கண்ணு! சல்மாக்கா, கண்ணு போச்சு!” ராணி மேடையில் உருண்டாள்.

இயக்குநர் இரண்டு கண்களையும் பொத்திக்கொண்டு, முதலில் கொரிய மொழியில் ஏதோ சொன்னார். சொல்ல ஒன்றும் இல்லை என்று பொருள். பிறகு பர்மிய மொழியில் கத்தினார். கடைசியில் தமிழுக்கு வந்தார்.

“யாரும் அசையாதீங்க! நிரப்பியக் கொண்டுவரக் கூடாது! கேமரா ஓடுது! ஐயோ, எரியுதே... யாரும் கொண்டுவரக் கூடாது!”

வெள்ளைக் கோட்டுப் பெண் ஒற்றுத்தாளை எடுத்துக்கொண்டு ஓடிவந்து ராணியின் கண்ணீரை ஒற்றினாள். விதி அப்படி.

உம்மு சல்மா மேசையைப் பார்த்தாள். மேலே அவள் பெயர். ராணி கண்ணை நகத்தால் தோண்டிக்கொண்டிருந்தாள். உம்மு சல்மா மேசையிலிருந்து பட்டயக் கட்டைப் பிரிக்க வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நேராகக் கழிப்பறைக்குப் போனாள். சிவப்பு நாடா ஒரு வெட்டில் விழுந்தது. கீழே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. குழாய் இருமி, துப்பி, பிறகு கொட்டியது. வாசனைப் பொடிக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு அதில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“கண்ணத் தொற. தொறடி! நான்தான்.”

ராணியின் கண்ணில் ஊற்றினாள். மறுபடி ஓடினாள், மறுபடி ஊற்றினாள். மற்றப் பெண்களும் ஓடினார்கள். கையில் அகப்பட்டதில் பிடித்தார்கள். பட்டமளிப்புத் தொப்பியில் ஒருத்தி பிடித்துவந்தாள்.

“எனக்கு?” என்று தரையில் தடவிக்கொண்டே கேட்டார் இயக்குநர். அது கேமராவுக்குக் கேட்காத குரல்.

“என்னா வேணும் சயா?”

“நிரப்பி...”

“இது தண்ணி சயா. நிரப்பி வேணும்னா தேடிப் பாக்குறேன்.”

“தண்ணி! தண்ணி குடும்மா, உன் புள்ளைக்குப் புண்ணியமாப் போவும்!”

ஊற்றினாள். பொடி கரைந்து, பூச்சு கரைந்து, அதற்கடியில் பல ஆண்டுகளாக யாரும் பார்க்காத முரளியின் முகம் வந்தது. அவர் இமைகளைப் பிரித்தார். சிவந்த கண்களால் சுற்றிலும் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். திறந்த கழிப்பறைக் கதவு வழியே வெட்டின நாடாவைப் பார்த்தார். கைப்பேசி இன்னும் மேடையை நோக்கிச் சாய்ந்து நின்றதைப் பார்த்தார்.

“மா சல்மா,” என்றார், எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டு. “கழகத்துக்குள் நிரப்பியைக் கையாண்ட குற்றத்துக்காக நீங்கள் தேர்ச்சி பெறவில்லை.”

“அப்ப ராணி?”

“அவர் நனைக்கப்பட்டவர். நனைத்தவர் அல்லர். தேர்ச்சி.”

“அப்ப நீங்க?”

இயக்குநர் கொரிய மொழியில் பதில் சொன்னார்.

திஞ்ஞான் முடிந்ததும் நாற்காலிகள் இரண்டும் சைக்கா என்ற மூன்றுசக்கர மிதிவண்டியில் ஏறிக் குடைக்கடைக்கு வந்தன. பர்கத்துல்லா தன் குடைகளில் பாதியை எடுத்துக் கூரையில் தொங்கவிட்டார். கீழே நாற்காலி, எதிரே கண்ணாடி, பின்பக்கம் ஒரு தொட்டியும் குழாயும். வாசலில் உம்மு சல்மா எழுதிவைத்தாள்: ‘முகம் கழுவித் தரப்படும்.’

மணப்பெண்கள் வரவில்லை. முதலில் வந்தவர்கள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வந்தார்கள். பழைய கட்டடத்தில் உலர் அலங்காரம் செய்துகொண்டவர்கள். ஒருத்திக்குப் பூச்சு சிரித்தால் வெடித்தது. நிச்சயதார்த்தத்தில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்ததால் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குச் சம்மதமில்லை என்று எழுந்து போய்விட்டார்கள். உம்மு சல்மா அவளைச் சாய்த்துப் படுக்கவைத்து ஊறவைத்தாள். வெகுநேரம் கழித்து அவள் சிரித்தாள். பிறகு அவள் அக்காள் வந்தாள், அக்காளின் நாத்தனார் வந்தாள். ராணியும் பட்டயத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“எதுக்குடி இதத் தூக்கிட்டு வந்த?”

“தொட்டியில ஓட்ட இருக்குன்னீங்களேக்கா. நல்ல கெட்டி அட்டை.”

அந்த வாரத்திலேயே ஒரு பகலில், தெருவில் மின்சாரம் இல்லாத நேரத்தில், முரளிதரன் வந்தார். பின்னால் ஒருவன் அட்டைப் பெட்டியைத் தூக்கி வந்தான். பெட்டி நிறைய விரல் நீளக் கண்ணாடிப் புட்டிகள். எல்லாம் காலி.

“அட முரளி! வா, வா. குடையா?” என்றார் பர்கத்துல்லா.

“டைரக்டர் நிம்,” என்று திருத்திக்கொண்டே ராணியின் நாற்காலியில் அமர்ந்தார். “மா சல்மா, நல்ல செய்தி. அன்றைய நிகழ்ச்சியைத் தலைமையகம் ரசித்துப் பார்த்தது. திட்டமிட்ட செயல்விளக்கம் என்று நினைத்துவிட்டார்கள். நாமும் மறுக்கவில்லை. புதுப் பொருள் வெளிவருகிறது. பொடி முதல் படி. இது இரண்டாம் படி. ‘உயிர்ப்பி.’”

உம்மு சல்மா ஒரு புட்டியை எடுத்துப் பார்த்தாள். எரிமலைத் தீவின் பாறைகளுக்கடியில் எடுத்த சாரம் என்று அச்சிட்டிருந்தது.

“உள்ள என்னா சயா ஊத்துவீங்க?”

“அதற்குத்தான் வந்தேன். உங்கள் பழைய கட்டடத்தில் மோட்டார் கெட்டிருக்கிறது, உங்களுக்கே தெரியும். கழகத்துக் குழாயில் மறுபடி நாடா கட்டியாயிற்று. உங்கள் குழாயில் நிரப்பித் தாருங்கள். உங்கள் பழைய இடம் உங்களுக்கே. தங்க ஓரம் போட்ட பட்டயம்.”

“அப்ப அது நிரப்பி, இது உயிர்ப்பி. ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்?”

“புட்டி,” என்றார் இயக்குநர்.

பர்கத்துல்லா குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். குடை குலுங்கியது.

“மொதல்ல கொரியாக்காரன் க்ரீம்லேருந்து தண்ணிய எடுத்தான்,” என்றது குடை. “இப்ப எடுத்தத தனியா விக்கிறான். நாளைக்கு மூணாம் படி என்னா? ரெண்டையும் கலந்து குடுப்பானா?”

“அது ஆராய்ச்சியில் இருக்கிறது,” என்றார் இயக்குநர், மிகுந்த தீவிரத்தோடு. “‘முன்கலவை’ என்று பெயர்.”

உம்மு சல்மா புட்டியைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். பழைய படிக்கட்டு, அங்கே ஏறிவந்த மணப்பெண்களின் வளையல் சத்தம், சன்னலோரத்து வெளிச்சம் எல்லாம் அவள் முகத்தில் ஒருமுறை வந்துபோயின.

“அந்த எடம் வேணாம் சயா. அங்க தண்ணி வராது.”

“அவசரப்பட வேண்டாம். புட்டிகளை மட்டுமாவது...”

“இப்ப கரண்டு இல்ல, கொழாயும் வராது. இருங்க.”

அவர் நாற்காலியை விடவில்லை. அவருக்குப் பக்கத்தில் முகத்தில் பொருக்கு வெடித்த இரண்டு பெண்கள் துணியை விலக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீரை ஒழித்த கழகத்தின் இயக்குநர், காலிப் புட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீருக்காகக் காத்திருந்தார். வேர்த்தது. யாரும் ஒற்றவில்லை.

“மீ லாபீ!” என்றது தெரு.

மோட்டார் முனகியது. குழாய் இருமிவிட்டுச் செம்மண் நிறத்தில் கொட்ட ஆரம்பித்தது. மின்சாரம் போய் வந்தால் முதலில் வருவது எப்போதும் துருதான். அதைச் சாக்கடைக்கு விட்டுத் தெளிந்த பிறகு பிடிப்பது அந்தத் தெருவின் வழக்கம்.

“இதத் தெளியுறவரைக்கும் நாங்க கீழ விட்டுருவோம் சயா. வேணும்னா பிடிச்சுக்குங்க. தெளிஞ்சது இவங்களுக்கு.”

அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போவார் என்று அவள் நினைத்தாள். அவர் ஒரு புட்டியில் பிடித்து வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்தார். கொஞ்சம் அசைத்தார். துரு சுழன்றது.

“அட, எரிமலை நிறம்,” என்றார்.

கூட வந்தவனை அவசரமாகக் கூப்பிட்டு, தெளிவதற்குள் எல்லாப் புட்டிகளையும் பிடிக்கச் சொன்னார். உம்மு சல்மா பெண்ணொருத்தியின் தலையைச் சாய்த்து, நீர் தெளிவதற்காகக் காத்திருந்தாள். சாக்கடைக்குப் போக வேண்டியது புட்டிகளுக்குப் போயிற்று. அன்று ஒருநாள் மட்டும் அந்தத் தெருவின் சாக்கடை சுத்தமாக இருந்தது.